மஞ்சள் தண்ணீர் காட்டிக்கொடுத்த தரை: தேக்காவில் ஒரு சீலர் வேலை

சிங்கப்பூரின் தேக்கா பக்கம், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் பழைய கடைவீடு. கீழே தோசையும் காப்பியும் விற்கப்போகும் புதுக் கடை, மாடியில் டியூஷன் நிலையம். கீழ்த்தளத்தின் 92 சதுர மீட்டர் தரைக்கு டைல்ஸ் வேண்டாம், சிமெண்டு நிறம் அப்படியே தெரியட்டும், மேலே சீலர் (தரையைக் காக்கும் பூச்சு) மட்டும் அடித்தால் போதும் என்பது கடைக்கார அக்காவின் ஆசை. பொங்கலுக்கு முன்பே கடை திறக்க வேண்டும். சீலர் வேலை செய்யும் எங்களைக் கூப்பிட்டது டிசம்பர் முதல் வாரத்தில், வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

கூப்பிட்டபோது வேலை பாதியில் நின்றிருந்தது. முன்பு எடுத்த கான்ட்ராக்டர் தின்னர் கலந்த அக்ரிலிக் சீலரை முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்து முக்கால் தரைக்கு ஒரு கை (ஒரு பூச்சு) அடித்திருக்கிறார். கடைவீட்டு மாடியில் தரை மரப்பலகை, பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி. நடுவில் இருக்கும் திறந்த முற்றம் வேறு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. சாயங்காலம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் இரண்டு பேருக்குத் தலைவலி, ஒரு பிள்ளைக்கு வாந்தி. மாடி டீச்சர் இறங்கி வந்து சத்தம் போட, வேலை அன்றே நின்றுபோனது.

வாசனையை விட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. அந்தச் சீலரைக் கரைக்கும் சைலீன் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரிக்குள்ளேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நம்ம ஊர் மத்தியானம் 31, 32 டிகிரி. அப்படிப்பட்ட இடத்தில் மூலையில் ஒரு ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார். எதுவும் நடக்கவில்லை, அதிர்ஷ்டம்.

சரி, அக்காவின் கேள்வி நேரானது: “வாசனை இல்லாத தண்ணி சீலர்னு ஒண்ணு இருக்காமே, அதை அடிச்சுட்டா முடிஞ்சதுதானே?” நான் உடனே தலையாட்டவில்லை. அடித்த இடத்திலேயே தரை வெளுத்திருந்தது. ஏன் வெளுத்தது என்று தெரியாமல் டின்னை மட்டும் மாற்றினால் அதே தரை மறுபடி வெளுக்கும்.

வெளுப்பு எங்கிருந்து வந்தது

சீலர் அடித்த தரை வெளுத்தால் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். படலத்துக்குள் ஈரம் மாட்டிக்கொண்டு பால் மாதிரி மங்குவது ஒன்று. தரைக்குள்ளிருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே ஏறி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து, உப்புப் பூத்த மாதிரி படிவது இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய சமையல்கட்டுப் பக்கம் படலம் உப்பியிருந்த ஓரிடத்தைப் பிளேடால் சுரண்டி, கீழே இருந்த வெள்ளைத் தூளில் இரண்டு சொட்டு வினிகர் விட்டோம். மெல்ல நுரைத்தது. சுண்ணாம்புதான். முன்வாசல் பக்கத்து வெளுப்பில் வினிகர் விட்டால் ஒன்றுமே நடக்கவில்லை, அங்கே வெறும் ஈர மங்கல்.

அன்று ராத்திரி தரையில் சீலர் படாத பகுதியிலும், சுரண்டிய பகுதியிலுமாக நான்கு இடங்களில், 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடிவிட்டுப் போனோம். 16 மணி நேரம் கழித்துத் திறந்து பார்க்க வேண்டும், ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பு டி4263 என்று பெயர் வைத்திருக்கும் ஈரச் சோதனை அது. மறுநாள் முன்பக்கத்துத் தாள்கள் இரண்டும் காய்ந்திருந்தன. முற்றத்தை ஒட்டிய பின்பக்கத் தாள்களின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர், தரையும் கறுத்துப் போயிருந்தது.

“ஸ்க்ரீட் போட்டு ஏழு வாரம் ஆச்சே, 28 நாள் கணக்கு முடிஞ்சுடுச்சே” என்றார் அக்காவின் தம்பி. ஸ்க்ரீட் என்றால் பழைய தரைமேல் சமமாகப் போடும் புது சிமெண்டு அடுக்கு. 28 நாள் என்பது சிமெண்டின் வலிமைக்கு வைத்த கணக்கு. ஈரம் அந்தக் காலண்டரைப் பார்ப்பதில்லை. அதோடு புது ஸ்க்ரீட்டுக்குக் கீழே இருப்பது பழைய தரை. அந்தக் காலத்துக் கடைவீடுகளில் மண்ணுக்கும் தரைக்கும் நடுவே ஈரம் தடுக்கும் தாள் எதிர்பார்க்க முடியாது. தேக்காவை உள்ளடக்கிய லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனபிறகு முகப்பைத் தொட ஆயிரம் அனுமதி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தரைக்கடியில் மண் அப்படியே இருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. இங்கிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்கு ஒரு காலத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பெயர், கம்பம் என்றால் மலாயில் கிராமம். இந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலம் அது. சுண்ணாம்பு நம்மை விட்டுப் போவதாக இல்லை என்று எங்கள் வேலைத் தம்பிகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஆக ஒரே கடைக்குள் இரண்டு தரை. முன்பக்கம் சுமார் 60 சதுர மீட்டர் காய்ந்த தரை, அங்கே மேலே படலமாக நிற்கும் சீலர் தாங்கும். பின்பக்கம் 32 சதுர மீட்டர் கீழிருந்து மூச்சுவிடும் தரை. அதன் வாயை மூடினால் மறுபடி உப்பும்.

டின்னில் இருந்த எண்

பழைய சீலரை எடுப்பதற்குக் கரைப்பான் ஊற்றினால், எதற்காக எங்களைக் கூப்பிட்டார்களோ அது கெட்டுவிடும். வைரத்தகடு போட்ட கிரைண்டரால் தேய்த்தோம். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தூசி வராது, ஆனால் காய ஒரு வாரம் கூடுதலாகும். அதனால் தூசி உறிஞ்சும் மெஷினை மாட்டி, முகமூடி போட்டு, உலர்வாகவே தேய்த்தோம். கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும் பொருள். வாசனையே இல்லாத சீலரை வாங்கிவிட்டு தூசியைப் பறக்கவிடும் சைட்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு சீலர் தேர்வு. மூன்று கடைகளிலிருந்து வந்த தாள்களை அக்கா வரிசையாக மேஜையில் வைத்தார். மூன்றிலும் ‘தண்ணீர் அடிப்படை’, இரண்டில் ‘குறைந்த வாசனை’. வாசனை குறைவு என்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. தண்ணீர் சீலரிலும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாவதற்கு மெதுவாக ஆவியாகும் கரைப்பான் கொஞ்சம் சேர்ப்பார்கள். அதில் சில மூக்குக்கே தெரியாது, ஆனால் நாள்கணக்கில் மெல்ல மெல்லக் காற்றில் கலந்துகொண்டிருக்கும். பார்க்க வேண்டியது லிட்டருக்கு எத்தனை கிராம் விஓசி (ஆவியாகிக் காற்றில் கலக்கும் கரிமப் பொருள்) என்ற எண்.

அந்த எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு தாளில் 30, இன்னொன்றில் 86 என்று இருந்தது. அக்கா 30-ஐக் கையில் எடுத்துவிட்டார். உற்றுப் பார்த்தால் முதல் தாள் டின்னில் உள்ள தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போட்டது, ஐரோப்பிய வழக்கம். இரண்டாவது தாள் தண்ணீரைக் கழித்துவிட்டு மீதியில் கணக்குப் போட்டது, அமெரிக்க வழக்கம். ஒரு லிட்டரில் 65 விழுக்காடு தண்ணீர் என்றால், அதே 30 கிராமை 0.35 லிட்டரால் வகுத்தால் 86 வருகிறது. அதாவது இரண்டு டின்னும் ஏறத்தாழ ஒன்றுதான். தின்னர் கலந்த பழைய சீலரின் தாளையும் தேடி எடுத்தோம், 600-ஐத் தாண்டியிருந்தது. தென் கலிஃபோர்னியாவின் காற்றுத்தர விதி கான்கிரீட் சீலருக்கு வைத்திருக்கும் வரம்பு 100. சிங்கப்பூர் பசுமைக் கட்டட மன்றத்தின் முத்திரை இருந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும், ஒன்று முதல் நான்கு வரை டிக் போட்டுக் காட்டியிருப்பார்கள். முத்திரை இருந்ததையே வாங்கினோம்.

திட்டம் இப்படி அமைந்தது. தரை முழுக்க முதலில் லித்தியம் சிலிகேட். இது படலமாக நிற்காது. தரைக்குள் இறங்கி, அங்கிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து, சிமெண்டு இறுகும்போது உண்டாகும் அதே பொருளாக மாறித் துளைகளை அடைக்கும். முன்பக்கம் அதன்மேல் தண்ணீரில் கலந்த பாலியூரித்தேன், மெல்லிதாக இரண்டு கை. பின்பக்கம் தண்ணீரில் கலந்த சைலேன்-சிலாக்சேன், உள்ளே ஊறித் தண்ணீரை விலக்கும், ஈர ஆவியை வெளியே விடும். இதில் வரிசை முக்கியம். சிலாக்சேன் பட்ட இடத்தில் வேறெதுவும் ஒட்டாது, அதனால் பாலியூரித்தேன் முழுக்கக் காய்ந்த பிறகே பின்பக்கத்தைத் தொட வேண்டும்.

அக்காவுக்கு இதில் இரண்டு வருத்தம். ஒன்று, பின்பக்கம் பளபளக்காது. இரண்டு, தண்ணீர் சீலர் தின்னர் சீலரைப் போலத் தரையை நனைந்த கறுப்பாகக் காட்டாது. இரண்டையும் மறைக்காமல், தேய்த்த தரையிலேயே அரை மீட்டர் மாதிரி அடித்துக் காட்டினோம். அரை நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். இரண்டும் சேரும் கோடு கவுண்டருக்குக் கீழே வரும்படி பார்த்துக்கொண்டோம், முழுக்க ஒளியவில்லை.

கதவைத் திறந்த ராத்திரி

சிலிகேட் வேலை சொல்லும்படி ஒன்றுமில்லை. ஊற்றி, பரப்பி, மிஞ்சியதைக் கழுவி எடுத்தோம். கழுவாமல் விட்டால் வெள்ளையாகப் படிந்து மேல் பூச்சை ஒட்டவிடாது.

பாலியூரித்தேன் அடித்த முதல் ராத்திரியில்தான் சறுக்கினோம், அந்தத் தப்பு முழுக்க எங்களுடையது. மாடியில் வகுப்பு முடிந்து எட்டரை மணிக்கு ஆரம்பித்தோம். பகலெல்லாம் கடையில் ஏர்கான் ஓடியிருந்ததால் தரை குளிர்ந்திருந்தது. சூட்டுமானி 23 டிகிரி காட்டியது. எங்கள் குழுவின் புதுக்கோட்டைத் தம்பி சீலர் டின்னைக் கையில் எடுத்து, பத்து வருடப் பழக்கத்தில், காதருகே வைத்து டப் டப் என்று நன்றாகக் குலுக்கினார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ரோலரால் கவுண்டர் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் அடித்தோம். அடித்து முடித்ததும், “காத்து வரட்டும்ணே” என்று தம்பி முன்கதவையும் முற்றத்துக் கதவையும் திறந்துவிட்டார். நானும் சரி என்றேன். வெளியே மழை விட்டு, ரோடு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குப் பார்த்தால் படலம் விரலில் ஒட்டியது. காலையில் பார்த்தால் கதவருகே சாம்பல் மூட்டம், அதில் தம்பியின் கால்விரல் தடம்.

தின்னர் சீலருக்குக் கதவைத் திறப்பது உயிர் காக்கும் பழக்கம். ஆவி வெளியே போக வேண்டும். தண்ணீர் சீலரில் வெளியேற வேண்டியது தண்ணீர். வெளிக்காற்றோ மழைக்குப் பின் 90 விழுக்காடு ஈரத்தோடு நிற்கிறது, அதில் இடமே இல்லை. அதைவிட மோசம், நம்ம ஊர்க் காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் சூடு, பெரும்பாலும் 24, 25 டிகிரி. 23 டிகிரித் தரைமேல் அந்தக் காற்றைத் திறந்துவிட்டால் ஐஸ் போட்ட மைலோ கிளாஸ் வெளியே வேர்ப்பது போலத் தரை வேர்க்கும். பாதி காய்ந்த படலத்தின்மேல் நாங்களே தண்ணீர் தெளித்த கணக்கு. தரையின் சூடு பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும் என்று டின்னோடு வந்த தாளிலேயே இருந்தது. படித்தவன் நான்தான்.

அடுத்த நாள் முதல் முறையை மாற்றினோம். அடிப்பதற்கு அரை நாள் முன்பே ஏர்கானின் குளிர் முறையை நிறுத்தி உலர் முறைக்கு மாற்றினோம். ஈரம் உறிஞ்சும் மெஷின் இரண்டை வாடகைக்கு எடுத்துக் கதவுகளைச் சாத்தினோம். காற்றாடி தரையைப் பார்த்து அடிக்காமல் சுவரைப் பார்த்துச் சுழன்றது. தரை 28 டிகிரிக்கு வந்து, அறையின் ஈரம் 60 விழுக்காட்டுப் பக்கம் இறங்கியபிறகே டின்னைத் திறந்தோம். ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டவில்லை. காலையில் மெஷின் தொட்டிகளைக் கொட்டியபோது இரண்டு வாளித் தண்ணீர் இருந்தது. அத்தனையும் மூடிய கடைக்குள் காற்றிலும் தரையிலும் இருந்த ஈரம்.

மஞ்சள் சோதனை

முதல் ராத்திரி அடித்த பகுதியை முழுக்கத் தேய்த்து எடுப்பதா, லேசாக உரசி மேலே இன்னொரு கை அடித்தால் போதுமா என்று குழப்பம். மூட்டம் காய்ந்தபின் பாதி மறைந்திருந்தது. டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் சின்னச் சின்னக் குழிகள் தெரிவது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது.

அப்போதுதான் ஆரத்தி ஞாபகம் வந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், எந்த வீட்டுப் பாட்டிக்கும் தெரியும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், காரம் (அமிலத்துக்கு எதிர்க்குணமுள்ள பொருள்) பட்டால் நிறம் மாறுகிறது. தேய்த்த கான்கிரீட்டும் காரம்தான். சீலர் முழுசாக மூடியிருந்தால் கீழே உள்ள காரம் மஞ்சள் தண்ணீருக்கு எட்டாது. ஓட்டை இருந்தால் எட்டும்.

அக்கா சமையலுக்கு வாங்கி வைத்திருந்த மஞ்சள் தூளில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கரைத்து, முதலில் சீலர் படாத மூலையில் ஊற்றினோம். தரை கண்ணெதிரே குங்கும நிறமாக மாறியது. இரண்டாவது ராத்திரி அடித்த இடத்தில் ஊற்றினோம். பத்து நிமிடம் கழித்தும் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது, துடைத்தால் சுத்தம். பிறகு கவுண்டருக்கு அடியில், குலுக்கிய டின்னிலிருந்து அடித்த இடத்தில் ஊற்றினோம். மூன்று நான்கு நிமிடத்தில் ஒவ்வொன்றாகச் சிவப்புப் புள்ளிகள் எழுந்தன. கடுகை விடச் சின்னது. ஓர் உள்ளங்கை அளவில் இருபதுக்கு மேல் எண்ணினேன். தம்பி குனிந்து பார்த்துவிட்டு, “அம்மை போட்ட மாதிரி இருக்குண்ணே” என்றார்.

குலுக்கியபோது உள்ளே புகுந்த காற்றுக்குமிழி ஒவ்வொன்றும் படலத்தில் உடைந்து ஒரு துளை விட்டிருக்கிறது. தின்னர் சீலரில் நுரை தானாக அடங்கிவிடும். தண்ணீர் சீலரில் அடங்காது, அதற்குள் படலம் இறுகிவிடும். அதனால்தான் கட்டையால் மெல்லக் கிளறு, குலுக்காதே என்பார்கள். அந்தப் பன்னிரண்டு சதுர மீட்டரையும் உரசி, துடைத்து, இரண்டு கை மறுபடி அடித்தோம். செலவு எங்கள் கணக்கில். இதை ஆய்வகச் சோதனை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தரை பழையதாகி மேல்பரப்பின் காரம் குறைந்திருந்தால் மஞ்சள் சிவக்காமலே ஏமாற்றும். புதிதாகத் தேய்த்த தரையில் மட்டும் நம்பலாம். மஞ்சள் கறை போகாத அபாயமும் உண்டு, மறையும் இடமாகப் பார்த்துத்தான் செய்தோம்.

நம் ஆட்களுக்கு இந்த ஊரில் மேற்பூச்சு வேலை ஒன்றும் புதிதில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856 முதல் 1861 வரை கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சுவருக்கு மெட்ராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய்மட்டை ஊறிய தண்ணீர். காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். அதுவும் தண்ணீர்ப் பூச்சுதான். அந்தப் பூச்சு காயும்வரை எத்தனை மழைக்குக் காத்திருந்தார்களோ.

கடை திறந்தபின்

மொத்தம் பதின்மூன்று நாள் ஆனது. முதலில் சொன்னது எட்டு. வாடகை மெஷின்களையும் சேர்த்தால் தின்னர் சீலரைவிடக் கணிசமாகக் கூடுதல் செலவு. ஆனால் ஒருநாள்கூட மாடி வகுப்பை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் டீச்சரே இறங்கி வந்து, “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று கேட்டார்.

வாசலருகே கடைசிக் கையில் நுண்மணல் கலந்தோம், மழைக்காலில் வருபவர்கள் வழுக்காமலிருக்க. கடைவாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதைக்கும் இதையே அடித்துத்தரும்படி அக்கா கேட்டார், முடியாது என்றோம். அது எல்லாரும் நடக்கும் வழி, சாரல் அடிக்கும் இடம். அங்கே எஸ்எஸ் 485 என்ற சிங்கப்பூர்த் தரப்படி வழுக்குச் சோதனை செய்யாமல் பளபளப்பு ஏற்றக் கூடாது.

ரோலர் கழுவுவதில் ஒரு சண்டை வந்தது. “தண்ணி சீலர்தானே” என்று ஒருவர் வாளியோடு வாசல் கால்வாய்க்குப் போய்விட்டார். கால்வாய் ரோச்சோர் கால்வாயில் சேரும், ரோச்சோர் மரீனா நீர்த்தேக்கத்துக்குப் போகும், அங்கிருந்து நம் குழாய்க்கே திரும்பி வரும். தண்ணீரில் கலப்பது தண்ணீராகிவிடாது. மிஞ்சியதை அட்டைப்பெட்டியில் பரப்பிக் காயவைத்துக் குப்பையில் போட்டோம்.

நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் நன்றாக இருக்கிறது, நாற்காலி திரும்பும் இரண்டு இடத்தில் மட்டும் பளபளப்பு தேய்ந்திருக்கிறது. பின்பக்கம் உப்பு பூக்கவில்லை. ஆனால் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜையடியில் வட்டமாக ஒரு வெளிறிய தடம். யாரோ ரசம் கொட்டி ராத்திரி முழுக்க விட்டிருக்கிறார்கள். சிலாக்சேன் தண்ணீரை விலக்கும், புளியின் அமிலத்தைத் தடுக்காது. இதை முதலிலேயே சொல்லியிருந்தேன், அக்காவும் ஒப்புக்கொண்டார். உடனே துடைக்கச் சொல்லி இப்போது சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்.

தேய்ந்த இரண்டு இடத்துக்கும் தீபாவளி முடிந்து ஒரு கை அடித்துத்தருவதாகச் சொல்லியிருக்கிறோம். கிடங்கில் மீதமிருக்கும் டின் மூடியில் புதுக்கோட்டைத் தம்பி மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்: ‘குலுக்காதே’.